செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறீங்களா? பெயிண்டைப் பார்க்காதீங்க, பேரைப் பாருங்க!

சென்னையில் பல வீடுகளில் இப்போது இதே பேச்சுதான்: "இன்னொரு கார் வேணும்!"

ஏற்கனவே ஒரு கார் இருக்கிறது. காலையில் வீட்டுக்காரர் அதை எடுத்துக்கொண்டு கிண்டி பக்கம் போய்விடுகிறார். மனைவிக்கு ஆபீஸ் சோழிங்கநல்லூரில். ஸ்கூட்டரில் போகலாம் என்றால் மழைக்காலத்தில் படாத பாடு. இரண்டாவதாகவும் ஒரு புது கார் வாங்க கையில் காசு ஏது?

"ஆபீஸ் போய் வர ஒரு பழைய வண்டி போதும்பா. 2 லட்சத்துக்குள்ளே கிடைக்காதா?"

கிடைக்கும். தாராளமாகவே கிடைக்கும். ஆனால் உஷாராக இல்லாவிட்டால் காரோடு சேர்த்து வம்பும் வீட்டுக்கு வந்துவிடும். தானமாகக் கிடைத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது. காசு கொடுத்து வாங்கும் காரைப் பார்க்கத்தானே வேண்டும்?

விற்றும் விடாத வினை

வட இந்தியாவில் ஒருவர் தன் காரை 2007-ம் ஆண்டு விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். அவர் வேறொருவருக்குத் தள்ளினார். இப்படிக் கார் கை மாறிக்கொண்டே போனது. ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் முதல் ஆளின் பெயர் அப்படியே இருந்தது.

2009 மே மாதம் அந்தக் கார் ரிவர்சில் வந்து மோதியதில் ஒருவர் இறந்தார். ஒரு பெண்ணுக்குக் காயம். நஷ்டஈடு யார் தருவது? "நான் வித்துட்டேன், எனக்கு சம்பந்தம் இல்லை" என்று ஆளாளுக்குக் கை கழுவினார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

2018 பிப்ரவரி 6-ந் தேதி தீர்ப்பு வந்தது. விபத்து நடந்த அன்று ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் சட்டப்படி ஓனர். நஷ்டஈடு பொறுப்பு அவருக்கே என்று சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. காரை விற்று ஏறக்குறைய 2 வருஷம் கழித்து நடந்த விபத்துக்கு, காரைக் கண்ணால் கூடப் பார்க்காத பழைய ஓனர் மாட்டிக்கொண்டார்!

2025 நவம்பர் 10-ந் தேதி டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் பல கை மாறிய செகண்ட் ஹேண்ட் கார்தான். நம்பரை வைத்துப் போலீசார் முதலில் தேடிப் போனது, காரை எப்போதோ விற்றுவிட்ட பழைய ஓனரைத்தான்.

வாங்குகிறவருக்கு என்ன கஷ்டம்?

"அது விற்றவர் பாடு. நமக்கென்ன?" என்று இருந்துவிட முடியாது.

இன்சூரன்ஸ் பழைய ஓனர் பெயரிலேயே கிடந்தால், மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு மட்டும் காரோடு கூட வரும். நம்ம கார் நசுங்கினால் கம்பெனி காசு தராது. கார் ஒருவருடையது, பாலிசி இன்னொருவருடையது என்று கையை விரித்துவிடும். வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியைப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய ஓனர் விபத்தில்லாமல் ஓட்டிச் சேர்த்த போனஸ் சலுகை புது ஓனருக்கு வராது. அது அவரோடு போய்விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. "அப்புறம் மாத்திக்கலாம்" என்று விட்டுவிட்டு, இடையில் பழைய ஓனர் காலமாகிவிட்டால் அவருடைய வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும். அவர் வெளிநாடு போய்விட்டாலும் அலைச்சல்தான்.

14 நாள்... 30 நாள்...

சட்டம் சொல்வது இதுதான். அதே மாநிலத்துக்குள் காரை விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இதற்குப் படிவம் 29, படிவம் 30 ஆகிய இரண்டும் தேவை.

கார் பேரில் கடன் இருந்தால், கடன் தீர்ந்ததற்கு பேங்க் கையெழுத்துப் போட்ட படிவம் 35-ம், பேங்கின் கடிதமும் வேண்டும். ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருக்கும் காருக்கு, இந்தக் காகிதம் வராமல் முழுப் பணத்தைக் கொடுத்தால் முழி பிதுங்கிவிடும்.

வெளிமாநில வண்டி பார்க்க மலிவாகத் தெரியும். ஆனால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று, இங்கே கட்டும் வரி, புது நம்பர் எல்லாம் சேர்ந்தால் மலிவு காணாமல் போய்விடும்.

புரோக்கர் வித்தை

சில புரோக்கர்கள் பழைய ஓனரிடம் வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். தங்கள் பெயரை எங்கும் காட்டாமல் அடுத்த பார்ட்டிக்குக் காரைத் தள்ளுவார்கள். நடுவில் எது நடந்தாலும் யாருக்கும் பொறுப்பு இல்லை.

இதைத் தடுக்க 2023 ஏப்ரல் 1-ந் தேதி முதல் புது விதி அமலுக்கு வந்தது. இதன்படி பழைய கார் வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். கார் அவர் கைக்கு வந்ததைத் தெரிவித்துவிட்டால், விற்கும் வரை அந்தக் காருக்கு அவரே பொறுப்பு. ஆகவே, "அங்கீகாரச் சான்று இருக்கா சார்?" என்று முதலில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் நடையைக் கட்டுங்கள்.

எம்-பரிவாகன் செயலியில் கார் நம்பரைத் தட்டினால் பதிவுத் தேதி, கடன், இன்சூரன்ஸ் எல்லாம் தெரிந்துவிடும். அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம். ஆர்.சி.யில் உள்ள என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் காரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று நேரில் பார்ப்பது கட்டாயம்.

வெள்ளத்தில் குளித்த வண்டி

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் கொஞ்சநஞ்சமல்ல. கழுவி, துடைத்து, சென்ட் அடித்து நிறுத்தினால் புதுசு போலத்தான் இருக்கும்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கறை கோடு போட்டிருக்கும். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள கம்பியிலும், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்திலும் துரு இருக்கிறதா? ஹெட்லைட் கண்ணாடிக்குள் நீர்க்கறை தெரிகிறதா? இருந்தால் அந்தக் கார் வேண்டாம். தண்ணீர் புகுந்த வண்டியில் ஒயரிங் எப்போது காலை வாரும் என்று மெக்கானிக்காலேயே சொல்ல முடியாது.

மீட்டர் பொய் சொல்லும், பெடல் சொல்லாது

மீட்டரில் 40 ஆயிரம் கிலோமீட்டர்தான் காட்டும். பிரேக் பெடல் ரப்பரோ தேய்ந்து வழுக்கும். ஸ்டியரிங் பளபளக்கும். மீட்டரைத் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்! கம்பெனி சர்வீஸ் ரசீதுகளைக் கேட்டு வாங்கி, எந்த வருஷம் எத்தனை கிலோமீட்டர் என்று ஒத்துப் பாருங்கள்.

டயர் ஓரத்தில் 4 இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2318 என்றால் 2018-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்த டயர். அது மாற்ற வேண்டிய டயர்.

காரைப் பார்க்கக் காலையிலேயே போவது நல்லது. என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் அளவுக்கு மேல் எரிகிறது. வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் பால் கலந்த காப்பி போல ஒட்டியிருக்கிறதா? என்ஜின் வேலை காத்திருக்கிறது! ஏ.சி.யை 20 நிமிஷம் ஓடவிட்டுப் பாருங்கள். சென்னை வெயிலில் ஏ.சி. இல்லாத கார் அடுப்புதான்.

டிரைவர் பக்க ஏர்பேக் 2019 ஜூலை 1-ந் தேதி முதல்தான் கட்டாயம். அதற்கு முந்தைய விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அது இருக்காது. தினசரி ஓட்டும் வண்டி என்பதால் இதையும் யோசிக்க வேண்டும்.

2 லட்சம் ரூபாய் கார், 2 லட்சத்தோடு நிற்காது

காரின் விலை தவிர, சில்லறைச் செலவுக்கு 30 ஆயிரம் ரூபாயாவது தனியாக எடுத்து வைக்க வேண்டும். நாலு டயர், பேட்டரி, ஆயில், பிரேக் பேட் என்று வரிசையாக வரும்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 30 கிலோமீட்டர் ஓட்டினால் ஒரு நாளைக்கு 200 ரூபாய். 25 வேலை நாளைக்கு 5 ஆயிரம் ரூபாய். இவ்வளவு ஓட்டத்துக்கு டீசல் கார் தேவையே இல்லை. பெட்ரோல் கார் போதும்.

சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷம்தான். அதன்பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை தகுதிச் சோதனை காட்டிப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5 ஆயிரம் ரூபாய் ஆனது. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10 ஆயிரமாக ஏற்றினார்கள். பசுமை வரி தனி. ஆகவே 14 வருஷத்துக் காரைப் பார்த்தால் இந்தச் செலவைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம்.

பேரம் பேச இன்னொரு ஆயுதமும் உண்டு. 2025 செப்டம்பர் 22-ந் தேதி சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. புது கார் விலை இறங்கியபோது பழைய கார் மட்டும் பழைய விலையில் நிற்கலாமா?

பணம் எப்போது?

அட்வான்ஸ் கொஞ்சமாகக் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுக்காமல் பேங்க் மூலம் அனுப்புங்கள். தேதி, நேரத்தோடு ரசீது எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். பெயர் மாற்ற விண்ணப்பம் பதிவாகி ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்த பிறகே பாக்கித் தொகை.

விற்கிறவருக்கும் இதே சட்டம்தான். புது ஓனர் பெயரில் ஆர்.சி. வந்துவிட்டதா என்று நம்பரைத் தட்டிப் பார்த்த பிறகு நிம்மதியாகத் தூங்கலாம்.

பெயிண்ட் போனால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். பேர் மாறாத கார் என்றைக்கும் நம்ம கார் ஆகாது!