பேட்டரி இல்லாத ஒற்றன்

உளவு நாவல்களில் வரும் கருவிகளெல்லாம் கற்பனைதானா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பேனா கேமரா, விஷ மாத்திரையெல்லாம் அவருக்கே தெரிந்தவை. எனக்குப் பிரியமான ஒன்றைச் சொல்கிறேன்.

1945 ஆகஸ்டில், மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதர் ஆவரெல் ஹாரிமனுக்குச் சோவியத் சிறுவர் அமைப்பினர் ஒரு பரிசு தந்தார்கள்: அமெரிக்க அரசு முத்திரை செதுக்கிய மரப்பலகை. தூதரின் இல்லத்தில் அதை மாட்டினார்கள். தூதர்கள் மாறினார்கள், பலகை அங்கேயே இருந்தது. 1952 வரை உள்ளே ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

எப்படித் தெரியும்? அதில் பேட்டரியும் இல்லை, மின்கம்பியும் இல்லை. ஒரு சிறிய செம்பு உருளை, அதன் வாயை மூடிய மெல்லிய உலோகச் சவ்வு, சாண் நீளத்தில் ஓர் ஆன்டெனா, அவ்வளவுதான். வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால்தான் அதற்கு உயிர். அறையில் பேச்சு எழுந்தால் சவ்வு அதிரும். அதற்கேற்ப உருளையின் மின்தன்மை மாறும். திரும்பிப் போகும் அலை அந்த மாற்றத்தைச் சுமந்து செல்லும். சிறுவயதில் வெறும் குடத்துக்குள் பேசி விளையாடுவோமே, குடம் தானாகப் பேசாது, நம் குரலைத்தான் மாற்றித் தரும். இந்தக் கருவியும் அப்படித்தான். அலையை நிறுத்திவிட்டால் அது வெறும் செம்புத் துண்டு. சோதனைக் கருவிகளுக்கு அகப்பட அதில் எதுவுமே இல்லை.

கண்டுபிடித்த விதமும் அழகு. அப்போதைய தூதர் ஜார்ஜ் கென்னன் ஒரு பழைய கடிதத்தை உரக்கச் சொல்லி எழுதவைத்தார். எதிர்த்தரப்பு கேட்பதற்காக அலையைப் பாய்ச்சியது. நிபுணர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்தக் கருவியை உருவாக்கியவர் சோவியத் விஞ்ஞானி லெவ் தெரமின். 1920 வாக்கில், தொடாமலே வாசிக்கும் மின்னிசைக் கருவியைச் செய்தவர். கைகளைக் காற்றில் அசைத்தால் அது பாடும். 1938-ல் அமெரிக்காவிலிருந்து தாயகம் திரும்பியவரை, மறு ஆண்டே அவருடைய அரசு கைது செய்து கோலிமா கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்பியது. பிறகு, கைதிகளைக் கொண்டே ஆராய்ச்சி நடத்திய ரகசியக் கூடத்தில் வேலை வாங்கியது. இசைக்குப் பிறந்த மூளையைச் சுவருக்குக் காது முளைக்க வைக்கப் பூட்டிவைத்தது எனக்கு ஆறவே இல்லை. உளவுக்கதைகள் கருவியை வியக்கின்றன. அதைச் செய்த கைதியைப் பற்றிப் பேசுவது குறைவு. ஒட்டுக்கேட்கும் பாவத்தில் மற்ற நாடுகளுக்கும் பங்குண்டு. பிரிட்டிஷ் உளவுத்துறை அந்தக் கருவியை ஆராய்ந்து தனக்கென்று ஒன்றைச் செய்துகொண்டது.

இன்று சுங்கச்சாவடியில் நம் காரின் ஃபாஸ்டேக் பதில் சொல்வதும் ஏறக்குறைய இந்த வழியில்தான். அதிலும் பேட்டரி கிடையாது. வந்து விழும் அலையை மாற்றித் திருப்பியே தன் எண்ணைச் சொல்கிறது.