நல்லவேளை, கையெழுத்துப் போடவில்லை!

என் கணவர் அரசு நிறுவனம் ஒன்றில் டிரைவர். 2019-ல் சர்க்கரை நோயால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகி விட்டது. தேறி வேலைக்குப் போனால், "இனிமே வண்டி ஓட்ட முடியாதே, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துடுங்க" என்று பேப்பரை நீட்டினார்கள். இவரும் நொந்துபோய், "கொடுத்துடலாம்மா" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வக்கீலம்மா இருக்கிறார். (காபிப்பொடி கடன் வாங்கிய பழக்கம்தான்!) "எதிலும் கையெழுத்துப் போடாதீங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ல் 20-வது பிரிவு இருக்கு. வேலையில் இருக்கும்போது ஊனமானவரை அரசு நிறுவனம் நீக்கவோ, பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் வேறு வேலை தரணும். காலியிடம் இல்லைன்னா, தனியா ஒரு பணியிடம் உண்டாக்கி, ஓய்வு வயது வரைக்கும்கூட வெச்சிருக்கணும்" என்றார். காலை இழந்த குணால் சிங் என்ற காவலருக்கு, 1995-ம் வருடச் சட்டப்படி 2003-லேயே சுப்ரீம் கோர்ட் இப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறதாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு அனுப்பினோம். எட்டு மாதம் சம்பளமில்லை. என் வளையல் அடகுக்குப் போனது. ஒருவழியாக ஸ்டோர் பிரிவில், அதே சம்பளத்தில் வேலை கொடுத்தார்கள்.

செயற்கைக் காலோடு, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறார். "மெதுவா, மெதுவா" என்று நான்தான் தினமும் கத்திக்கொண்டிருக்கிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.