மஞ்சள் வெட்டும் மாதத்தில் ஒரு தேர்வு

மாசியில் நாமகிரிப்பேட்டைப் பக்கம் போனால் மஞ்சள் வாசம்தான். ஒரு தோட்டத்தில் வெட்டு நடக்கும். பக்கத்துக் களத்தில் வேகவைத்த மஞ்சள் காயும். ஏலத்தில் விரலி, உருண்டை, பனங்காளி என்று தனித்தனி விலை. அம்மா விடியுமுன் கூலிக்குப் போய்விட்டால், தம்பியைக் கிளப்பிப் பள்ளிக்குக் கூட்டிப்போவது எட்டாவது படிக்கும் அக்காவின் பொறுப்பு. அவளுக்கு ஒரு தேர்வும் இருக்கிறது: தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு. ஆசிரியர்கள் சொல்வது என்.எம்.எம்.எஸ். 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் அது பிப்ரவரியில்தான் நடந்தது.

அரசு, உதவிபெறும் பள்ளிகளில் எட்டாவது படிப்பவர்கள் எழுதலாம். வீட்டு ஆண்டு வருமானம் 3.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். தேறினால் பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய்.

கெட்டிக்காரப் பிள்ளை எப்படியும் மேலே வந்துவிடும் என்பார்கள். ஆனால் பணக்கவலை மூளையை என்ன செய்கிறது என்று விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளிடமே ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 2013இல் முடிவு வெளிவந்தது. அறுவடைக்கு முன் கையில் காசில்லாதபோது திணறிய அதே ஆட்கள், அறுவடைப் பணம் வந்தபின் அறிவுச் சோதனைகளை நன்றாகச் செய்தார்கள். ஆள் மாறவில்லை, கவலைதான் குறைந்திருந்தது. அவர்கள் பெரியவர்கள்தான்; ஆனாலும் கடன் பேச்சு காதில் விழும் வீட்டில் கணக்குப் போடும் பிள்ளையைப் பற்றியும் இதை வைத்து யோசிக்கலாம்.

பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய இழப்பு, அவள் கெட்டிக்காரி என்பது யார் கண்ணிலும் படாமல் போவது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பிரோவர்டு மாவட்டப் பள்ளிகளில், பெற்றோரோ ஆசிரியரோ பரிந்துரைத்த பிள்ளைகளையே முன்பு திறன் சோதனைக்கு அனுப்பினார்கள். 2005 வாக்கில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் சோதித்தபோது, தேறியவர்களில் ஏழைப் பிள்ளைகள் வெகுவாகக் கூடினார்கள். அவர்கள் எல்லாரும் அதே வகுப்பறைகளில்தான் முன்பும் உட்கார்ந்திருந்தார்கள்.

நம் தேர்விலும் இப்படிப் பிள்ளைகளை வெளியே நிறுத்தும் ஒரு கதவு உண்டு. ஏழாவதில் 55 விழுக்காடு எடுத்திருந்தால்தான் எழுத முடியும். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 5 விழுக்காடு சலுகை. வெட்டுக்காலத்தில் பத்து நாள் பள்ளிக்கு வராமல் மதிப்பெண் சரிந்த பிள்ளைக்கு மூளை எவ்வளவு இருந்தும் கேள்வித்தாள் கைக்கு வராது. மதிப்பெண் இருப்பவர்களும் வருமானச் சான்று வாங்கவில்லை, வீட்டில் விவரம் தெரியவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

தேர்வுக் கட்டணம் 50 ரூபாய். விண்ணப்பத்தைப் பள்ளிதான் பதிவேற்ற வேண்டும். அரையாண்டுத் தேர்வையொட்டி அறிவிப்பு வந்ததா என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு அதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். வெட்டு தொடங்கிவிட்டால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அங்கே போய் நிற்க யாருக்கும் மனம் வராது.