பூட்டும் முன் சுழற்றிப் பார்ப்போம்

எங்கள் பள்ளியின் பொருள் வைப்பறையில் பழுதாகிக் கிடந்த நான்கு பழைய கணினிகளிலிருந்து நல்ல பாகங்களை எடுத்து, ஒன்றையாவது இயக்கிவிடலாம் என்று மாணவர்களும் நானும் முயன்றோம். மேசையில் படுக்கவைத்துப் பூட்டியபோது கணினி நன்றாகவே ஓடியது. மூடியைப் போட்டு நிமிர்த்தி வைத்த பிறகு, பத்துப் பதினைந்து நிமிடங்களில் தானாக அணையத் தொடங்கியது. ரேமை மாற்றினோம், எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினோம், இயக்க மென்பொருளை மீண்டும் நிறுவினோம். மூன்று நாள்கள் போயின. நான்காம் நாள், மூடியைக் கழற்றி நிமிர்ந்த நிலையிலேயே உள்ளே பார்த்த ஒரு மாணவி, "சார், இந்த ஃபேன் சுத்தவே இல்ல" என்றாள்.

ப்ராசஸர் மீதிருந்த விசிறி, படுத்த நிலையில் சுழன்றது, நிமிர்த்தினால் நின்றது. விசிறியில் கோளாறு, தொடர எஃப்1 விசையை அழுத்தவும் என்று கணினி ஒவ்வொரு முறையும் திரையில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நானும் அழுத்திக்கொண்டுதான் இருந்தேன். அன்றிலிருந்து, சோதிக்காத விசிறி எதையும் நாங்கள் பூட்டுவதில்லை.

முதலில் ஏன் சோதிக்க வேண்டும்?

விசிறி நின்றுவிட்டால் ப்ராசஸரின் வெப்பம் ஏறும். முதலில் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; வெப்பம் மேலும் ஏறினால், கருகிவிடாமல் இருக்கக் கணினி அணைந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது 'மெதுவாக ஓடுகிறது', 'அடிக்கடி அணைகிறது' என்பவை மட்டுமே. இதே அறிகுறிகள் ரேம், எஸ்.எம்.பி.எஸ். பழுதுகளுக்கும் உண்டு என்பதால் தேடல் திசைமாறிப் போகிறது. மேலும், பூட்டிய பின் ப்ராசஸர் விசிறியை மாற்றப் பல நேரங்களில் உலோக வெப்பக்கடத்தியையும் சேர்த்துக் கழற்றவேண்டும். பழைய வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவவேண்டும். மேசையில் பத்து நிமிடத்தில் முடியும் சோதனையைத் தவிர்த்தால், பின்னர் அரை நாள் போகும்.

மின்சாரம் கொடுக்கும் முன்

விசிறியின் நடுவே ஒட்டியுள்ள தாளைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் டி.சி., 0.15 ஆம்பியர் என்பதுபோல இருக்கும். இறக்கைகளை விரலால் மெல்லச் சுண்டுங்கள். நல்ல விசிறி சில சுற்றுகள் ஓடித் தளர்ந்து நிற்கும். உராயும் விசிறி சட்டென நின்றுவிடும். அச்சை மெல்ல அசைத்துப் பாருங்கள். அதிகமாக ஆடினால் பேரிங் தேய்ந்துள்ளது என்று பொருள்.

தூசியை மென்மையான தூரிகையால் துடைக்கலாம். ஊதுகருவியைப் பயன்படுத்தினால் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் விசிறி கட்டுப்பாடின்றிச் சுழன்றால் பேரிங் கெடும்.

மின்சாரம் கொடுத்து

9 வோல்ட் சதுர பேட்டரி போதும். விசிறி சற்று மெதுவாகச் சுழலும். நீண்ட நேரம் ஓட்டிப் பார்க்க 12 வோல்ட் டி.சி. அடாப்டர் தேவை. அடாப்டரின் மேல் 'அவுட்புட்' என்ற இடத்தில் 12 வோல்ட், டி.சி. என்று இருப்பதை உறுதிசெய்த பின்னரே இணைக்கவும். வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டை நேரடியாகத் தரவே கூடாது.

மூன்று ஒயர் விசிறிகளில் பொதுவாகக் கறுப்பு எதிர்முனை, சிவப்பு 12 வோல்ட், மஞ்சள் வேகத்தை அறிவிக்கும் ஒயர். நான்கு ஒயர் விசிறிகளில் பெரும்பாலும் கறுப்பு எதிர்முனை, மஞ்சள் 12 வோல்ட், பச்சை வேகத்தை அறிவிப்பது, நீலம் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. மஞ்சள் நிறத்தின் வேலை இரண்டிலும் வேறு என்பதைக் கவனியுங்கள். எல்லா ஒயர்களும் கறுப்பாக இருந்தால் ஊகிக்க வேண்டாம். நன்றாக இயங்கும் ஒரு கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதன் மதர்போர்டில் காலியாக உள்ள விசிறி இணைப்பில் செருகிச் சோதியுங்கள். அந்தக் கனெக்டரைத் தலைகீழாகச் செருக முடியாதபடி அமைத்திருக்கிறார்கள்.

இப்போது பார்க்க வேண்டியவை நான்கு.

1. கை வைக்காமலே சுழலத் தொடங்குகிறதா? தள்ளிவிட்டால் மட்டும் ஓடும் விசிறியைக் கழித்துவிடுங்கள்.

2. படுக்கவைத்தும் நிறுத்திவைத்தும் ஓடுகிறதா? எங்களை ஏமாற்றியது இதுதான்.

3. பத்து நிமிடம் ஓடிய பின்னும் கரகரப்போ அதிர்வோ இல்லாமல் இருக்கிறதா?

4. காற்று எந்தப் பக்கம் வெளியேறுகிறது? ஒரு மெல்லிய தாள் துண்டைக் காட்டினால் தெரியும். பெரும்பாலும் தாங்கு சட்டங்களும் ஒட்டுத்தாளும் உள்ள பக்கமே காற்று வெளிவரும்.

மதர்போர்டில் இணைத்திருந்தால், பயாஸ் பகுதியில் விசிறியின் வேகத்தை எண்ணாகவே காணலாம். பேரிங்கில் எண்ணெய் விட்டால் சத்தம் சில நாள் அடங்கும். ப்ராசஸர் விசிறிக்கு அதை நம்ப வேண்டாம்.

வகுப்பறையில்

பொம்மை மோட்டாரில் பேட்டரியின் முனைகளை மாற்றினால் சுழலும் திசை மாறும் என்பது மாணவர்களுக்குத் தெரியும். கணினி விசிறியும் அப்படித்தானா என்று கேளுங்கள். இதில் கார்பன் பிரஷ் கிடையாது. உள்ளே ஒரு மின்னணுச் சுற்று காந்தத்தின் இடத்தை உணர்ந்து கம்பிச்சுருள்களுக்கு மின்னோட்டத்தை மாற்றி மாற்றித் தருகிறது. ஆகவே முனைகளை மாற்றினால் திசை மாறாது, சுற்று பழுதாகக்கூடும். இதைச் செய்துகாட்டாமல் விளக்குவதே நல்லது.

கணக்குப் பாடத்துக்கும் இடமுண்டு. வேகம் அறிவிக்கும் ஒயர், பொதுவாக ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை அனுப்பும். விநாடிக்கு 40 துடிப்புகள் வந்தால் விநாடிக்கு 20 சுற்றுகள்; நிமிடத்துக்கு 1,200 சுற்றுகள். 12 வோல்ட்டை 0.15 ஆம்பியரால் பெருக்கினால் 1.8 வாட். பெருக்கல் படித்த குழந்தைக்கும் இது எட்டும்.

சில எச்சரிக்கைகள்

உத்தரவாதக் காலத்தில் உள்ள கணினிகளைத் திறக்க வேண்டாம். பழைய கணினியாயினும் தலைமையாசிரியரின் அனுமதி பெற்று, எடுத்த பாகங்களை இருப்புப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். சுழலும் விசிறியின் அருகே பின்னல், துப்பட்டா, அடையாள அட்டைக் கயிறு தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாணவர்கள் இப்போது சோதித்த ஒவ்வொரு விசிறியிலும் தேதியிட்டு 'சரி' அல்லது 'கழிவு' என்று எழுதி ஒட்டுகிறார்கள். திரையில் ஏதேனும் எச்சரிக்கை வந்தால், விசையை அழுத்தப் போகும் என் கையை அவர்களே தடுத்து, "முதல்ல படிங்க சார்" என்கிறார்கள்.