தங்கக் குடம் காட்டும் குள்ளன்!

பச்சைச் சட்டை. பச்சைத் தொப்பி. செம்பட்டைத் தாடி. முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு!

யார் இந்தக் குள்ளன்?

அயர்லாந்து நாட்டுப் பாட்டிமார் சொல்லும் கதைகளில் வரும் குட்டிச்சாத்தான் இவன். பெயர், "லெப்ரகான்". தொழில், செருப்புத் தைப்பது. ஆனால் பெரிய பணக்காரன்! வானவில்லின் அடியில் ஒரு குடம் நிறையத் தங்கம் புதைத்து வைத்திருப்பானாம். அவனைப் பிடித்துவிட்டால், இடத்தைக் காட்டித்தான் ஆக வேண்டுமாம்.

இந்தக் குள்ளனுக்கு இப்போது புது வேலை கிடைத்திருக்கிறது. காசு வைத்து ஆடும் ஆட்டத்துக்கு ஆள் பிடிக்கும் வேலை!

ஆட்டத்தின் பெயர் "ரெயின்போ ரிச்சஸ்". "வானவில் செல்வம்" என்று பொருள். இங்கிலாந்தைச் சேர்ந்த பார்கிரெஸ்ட் கம்பெனி இதைத் தயாரித்தது. முதலில் கடைகளில் யந்திரமாக நின்றது. பிறகு ஆன்லைனுக்கு வந்தது. இன்று செல்போனிலேயே ஆடலாம்.

திரையில் ஐந்து சக்கரங்கள் சுற்றும். அவை நிற்கும்போது ஒரே படம் வரிசையாக விழுந்தால் காசு. விழாவிட்டால் வைத்த பணம் போச்சு!

மூன்று ஆசைகள்

வெறும் சக்கரம் சுற்றினால் சலித்துவிடும் அல்லவா? அதற்குத்தான் "போனஸ்". அது மூன்று வகை.

குள்ளன் படம் மூன்று விழுந்தால், ஒரு பாதை தெரியும். அதில் குள்ளன் நடப்பான். பரமபதத்தில் காய் நகர்வது போல! போகப் போகத் தொகை ஏறும். "எடுத்துக்கொள்" என்று விழுந்தால் நடை முடிந்தது. கடைசி வரை போய்விட்டால் 500 மடங்கு!

கிணற்றுப் படம் மூன்று விழுந்தால், மூன்று கிணறுகள் தோன்றும். ஒன்றை நாம் தொட வேண்டும். உள்ளே இருக்கும் தொகை நமக்கு.

குடங்கள் மூன்று விழுந்தால், பொன், வெள்ளி, வெண்கலக் குடங்கள் திரையில் சுற்றி வரும். எந்தக் குடத்துக்கு நேராக அம்பு நிற்கிறதோ, அந்தத் தொகை கிடைக்கும்.

"நானே கிணற்றைத் தொட்டேன். என் கைராசி!" என்று ஆடுகிறவர் நினைப்பார்.

கைராசி எதுவும் இல்லை!

பொத்தானை அமுக்கிய அந்த நொடியிலேயே கம்ப்யூட்டர் ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்துவிடுகிறது. எந்தப் படம் விழும் என்று அப்போதே முடிவாகிவிடும். சக்கரம் சுற்றுவது வெறும் வேடிக்கை. பத்து முறை தோற்றால் பதினோராவது முறை ஜெயிக்கலாம் என்பதும் வீண் நம்பிக்கை. முந்தைய ஆட்டம் கம்ப்யூட்டருக்கு ஞாபகமே இராது.

ஒரு மணிக்கு 72 பவுண்டு!

இதோ கணக்கு.

ஆடுகிறவர்கள் எல்லோருமாக 100 பவுண்டு வைத்தால், சுமார் 95 பவுண்டு பரிசாகத் திரும்பும். மீதி 5 பவுண்டு திரும்பாது. குடமும் கிணறும் அந்த 95க்குள் அடக்கம். ஆக, போனஸ் என்பது தனியாகத் தரும் இனாம் அல்ல. ஆடுகிறவர்களின் பணமே வேறு வேஷத்தில் வருகிறது!

"100க்கு 5 தானே, போகட்டும்!" என்று தோன்றுகிறதா?

ஆட்டத்தின் வேகத்தைப் பாருங்கள். பிரிட்டன் சட்டப்படி, ஒரு சுற்றுக்குக் குறைந்தது இரண்டரை நொடி ஆக வேண்டும். அந்த வேகத்தில் ஆடினால் ஒரு மணி நேரத்தில் 1,440 சுற்று! சுற்றுக்கு 1 பவுண்டு என்றால், வைக்கும் பணம் 1,440 பவுண்டு. அதில் 100க்கு 5 வீதம் போனால், சராசரி நஷ்டம் 72 பவுண்டு.

ஒருவர் ஜெயிப்பார். பலர் தோற்பார்கள். சராசரி மட்டும் மாறாது. அந்த 72 பவுண்டு, ஒரு வீட்டின் அரிசி பருப்புப் பணமாக இருக்கலாம். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவாகவும் இருக்கலாம்.

விழித்துக்கொண்ட சர்க்கார்

1 பவுண்டு வைத்து 20 பென்ஸ் திரும்பினாலும், முன்பு திரையில் மணி அடிக்கும், இசை முழங்கும். தோற்றவருக்கும் ஜெயித்த மயக்கம்! 2021ல் பிரிட்டன் இதைத் தடுத்தது. 2025ல், ஆன்லைன் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு 5 பவுண்டுக்கு மேல் வைக்கக் கூடாது என்றது. 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு 2 பவுண்டுதான்.

குள்ளனின் சொந்த ஊரான அயர்லாந்தும் 2024ல் புதுச் சட்டம் கொண்டு வந்தது. சூதாட்டத்தைக் கண்காணிக்க 2025ல் தனி ஆணையமும் அமைத்தது.

சிவப்பு நாடா

அயர்லாந்தில் ஒரு பழைய கதை உண்டு.

ஒரு குடியானவன் குள்ளனைப் பிடித்துவிட்டான். புதையல் எங்கே என்று அதட்டினான். செடிகள் நிறைந்த ஒரு வயலில், ஒரு செடியைக் காட்டினான் குள்ளன். "இதன் அடியில்தான்!"

தோண்ட மண்வெட்டி இல்லை. அடையாளத்துக்கு அந்தச் செடியில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டினான் குடியானவன். "இதை அவிழ்க்கக் கூடாது" என்று சத்தியமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

திரும்பி வந்தபோது குள்ளன் இல்லை. நாடா அப்படியே இருந்தது. சத்தியம் தவறவில்லை!

ஆனால், வயலில் இருந்த அத்தனை செடியிலும் ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தது!

குடியானவன் வெறுங்கையோடு வீடு திரும்பினான். அவனாவது ஒரு நாடாவோடு தப்பினான். செல்போன் குள்ளனைத் துரத்துகிறவர் இழப்பது, வீட்டுப் பணம்!