பெடல் ஸ்டீல் கிட்டார் இசையைப் பெடலற்ற நழுவிசைக் கருவிக்கு மாற்றுதல்: சித்திரவீணை மரபு தரும் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பெடல் ஸ்டீல் கிட்டாருக்கென அமைந்த இசைப்பகுதியைப் பெடல் இல்லாத ஸ்டீல் கிட்டாரில் வாசிக்க முற்படும்போது எழும் சிக்கல் வெறும் விரற்பயிற்சிச் சிக்கல் அன்று. ஒலித்துக்கொண்டிருக்கும் சுரங்களுள் சிலவற்றை நிறுத்திவைத்துச் சிலவற்றை மட்டும் நகர்த்துவது பெடலின் பணி. நழுவுகட்டையோ தான் தொடும் தந்திகள் அனைத்தையும் ஒருசேர நகர்த்தும். இம்முரணைத் தீர்க்கும் வழிகளை ஒரு குறிப்பிட்ட சுரநகர்வைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. பெடல் இன்றியே நிற்கும் சுரத்தையும் நகரும் சுரத்தையும் உடன் ஒலிக்கச்செய்யும் சித்திரவீணை இம்மாற்றத்திற்கு என்ன தரவல்லது, எங்கே தன் எல்லையை எய்துகிறது என்பனவும் ஆராயப்பெறுகின்றன.

திறவுச் சொற்கள்: ஸ்டீல் கிட்டார், பெடல், நழுவுகட்டை, சித்திரவீணை, கோட்டுவாத்தியம், ஜாரு, சுரக்கூட்டு.

முன்னுரை

சென்னை கே.கே. நகரை அடுத்துள்ள வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் ஆகிய பகுதிகள் திரையிசை ஒலிப்பதிவோடு நெடுங்காலத் தொடர்பு உடையவை. இத்தகைய ஒலிப்பதிவுச் சூழலில் பெடல் ஸ்டீல் கிட்டாரின் ஒலி வேண்டப்படும்போது வாசிப்போர்முன் இரு வழிகள் உள்ளன. விசைப்பலகையில் சேமிக்கப்பட்ட மாதிரி ஒலியைப் பயன்படுத்துவது ஒன்று. கைவசமுள்ள ஹவாயன் கிட்டாரிலோ சித்திரவீணையிலோ அவ்விசையை மாற்றியமைத்து வாசிப்பது மற்றொன்று. ஒலியின் ஒப்புமை மட்டுமே அளவுகோலாயின் முதல்வழியே வெல்லும். நழுவிசைக் கலைஞருக்கு அங்கு இடமிராது. எனவே மாற்றத்தில் காக்கப்பட வேண்டியது எது என்னும் வினா கலைஞரின் பங்கையும் தீர்மானிக்கும் வினாவாகிறது.

1. பெடல் வந்த வரலாறு

தந்தியின்மீது கடினமான கட்டையை நழுவச்செய்து வாசிக்கும் கிட்டார் முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவுகளில் உருப்பெற்றது. ஜோசப் கெக்கூக்கு இதன் முன்னோடியாகப் பெரிதும் கருதப்படுகிறார். கட்டை நேராக வைக்கப்படுவதால், எந்தச் சுருதியமைப்பில் தந்திகள் கட்டப்பட்டுள்ளனவோ அந்தச் சுரக்கூட்டே எல்லா இடங்களிலும் கிடைக்கும். வேறு கூட்டு வேண்டுமாயின் வேறு சுருதியமைப்பு வேண்டும். ஒரே மேசையில் இரண்டு, மூன்று கழுத்துகள் கொண்ட ஸ்டீல் கிட்டார்கள் தோன்றியமைக்கு இதுவே காரணம்.

சுருதியமைப்பைக் காலால் மாற்றும் கருவிகள் 1940ஆம் ஆண்டளவில் வந்தன. கிப்சன் நிறுவனத்தின் எலக்ட்ராஹார்ப் அவற்றுள் ஒன்று. ஆயினும் பெடல் அப்போது பெரும்பாலும் சுருதியமைப்பை மாற்றிக்கொள்ளவே பயன்பட்டது. வெப் பியர்ஸ் பாடி 1954இல் வெளிவந்த ‘ஸ்லோலி’ என்னும் பாடலில் பட் ஐசக்ஸ் இதை மாற்றினார். தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை அழுத்தி, ஒரு சுரக்கூட்டு மற்றொன்றாக உருகி மாறுவதைக் கேட்கச்செய்தார். சுருதி மாற்றும் பொறி அன்று முதல் இசையின் உறுப்பாயிற்று. ஐசக்ஸ் ஒரே பெடலில் செய்த இரு சுர உயர்வுகளைப் பட்டி எமன்ஸ் பின்னர் இரு பெடல்களாகப் பிரித்தார். இன்றைய பெடல் ஸ்டீல் கிட்டாரின் அடிப்படை அமைப்பு அதுவே.

எல்லாரும் பெடலுக்கு மாறிவிடவில்லை. ஜெர்ரி பர்ட் தம் வாழ்நாள் முழுவதும் பெடலற்ற கருவியிலேயே நிலைத்தார். சி ஆறாம் சுருதியமைப்பைப் பரப்பியவர் என்னும் பெருமை அவருக்கு உண்டு. பெடலற்ற வாசிப்பு பழமையின் எச்சம் அன்று, தெரிந்து மேற்கொண்ட தேர்வாகவும் இருக்கலாம் என்பதற்கு அவர் சான்று.

2. சிக்கலின் வடிவம்

பெடல் ஸ்டீல் கிட்டாரின் ஆதாரச் சுரத்தை ‘ச’ எனக் கொண்டால், அடுத்தடுத்த மூன்று தந்திகள் கீழிருந்து மேலாக ‘க, ப, மேல் ச’ என அமையும். இங்குக் ‘க’ என்பது அந்தர காந்தாரம். ஒரு பெடல் ‘க’வை ஓர் அரைச்சுரம் உயர்த்திச் சுத்த மத்திமம் ஆக்கும். மற்றொரு பெடல் ‘ப’வை ஒரு முழுச்சுரம் உயர்த்திச் சதுச்ருதி தைவதம் ஆக்கும். மேல் ‘ச’ அசையாது. ‘க–ப–ச’ என்னும் கூட்டு ‘ம–த–ச’ ஆக மாறும். பழந்தமிழ்ச் சுரப்பெயர்களில் சொல்வதாயின், கைக்கிளையும் இளியும் முறையே உழையாகவும் விளரியாகவும் எழ, குரல் நிற்கும்.

கேட்போரை ஈர்ப்பது எழும் இரு சுரங்களின் இழைவு மட்டுமன்று; அவை நிற்கும் குரலோடு உராய்ந்து செல்லும் உறவே ஆகும். ‘ச’ அசையாமலே தன் பொறுப்பை மாற்றிக்கொள்கிறது: முதற் கூட்டில் அது ஆதாரம், இரண்டாவதில் ‘ம’வுக்குப் பஞ்சமம்.

பெடலற்ற ஆறு தந்திக் கிட்டாரின் சி ஆறாம் சுருதியமைப்பு, கீழிருந்து மேலாக ‘ச, க, ப, த, ச, க’ ஆகும். இதிலும் ‘க–ப–மேல் ச’ உண்டு. ஆனால் ‘ம–த–ச’ ஆவதற்குக் ‘க’ தந்தியில் கட்டை ஒரு மெட்டும், ‘ப’ தந்தியில் இரண்டு மெட்டும் முன்செல்ல, மேல் ‘ச’ தந்தியில் அது இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும். இம்மூன்று புள்ளிகளும் ஒரு நேர்கோட்டில் அமையா. கட்டையோ நேரானது. ஆகவே இந்நகர்வை முழுமையாக, மூன்று சுரங்களோடும் இழைவோடும், நேர்கட்டையால் செய்ய இயலாது. மாற்றியமைப்போர் இதனை முதலிலேயே ஏற்றுக்கொள்வது நன்று. எதை விடுவது என்று தேர்ந்துகொள்ளாதவரின் வாசிப்பில் எல்லாமே சிறிது சிறிதாகக் கெடும்.

3. நான்கு வழிகள்

3.1 தந்தி மாற்றம்

கட்டையை ஐந்து மெட்டு முன்தள்ளி, கீழுள்ள மூன்று தந்திகளை (ச, க, ப) மீட்டினால் ‘ம–த–மேல் ச’ அதே தாயியில், அதே அடுக்கில் கிடைக்கும். சுரங்கள் மூன்றும் பிழையற்றவை. ஆனால் ஒரு கூட்டு முடிந்து மற்றொன்று தொடங்குகிறதே தவிர, ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை. விரைந்து செல்லும் பகுதிகளுக்கு இது போதுமானது. இழைவே பொருளான தாழ்ந்த காலப் பாடலுக்குப் போதாது.

3.2 கட்டைச் சாய்வு

நிற்கும் ‘ச’வை விட்டு, நகரும் இரு சுரங்களை மட்டும் காப்பது இவ்வழி. ‘க’வும் ‘ப’வும் அடுத்தடுத்த தந்திகள். மேல்தந்தி ஒரு மெட்டு கூடுதலாகச் செல்லவேண்டியிருப்பதால் கட்டையின் நுனி பாலத்தை நோக்கிச் சாயவேண்டும், இது முன்சாய்வு. தந்தி நீளம் 57 செ.மீ., தந்திகளின் இடைவெளி 1 செ.மீ. எனக் கொண்டு கணக்கிட்டால், முதல் மெட்டின் அகலம் சுமார் 3.2 செ.மீ. ஆகும். அங்குக் கட்டை ஏறத்தாழ 73 பாகை சாயவேண்டும். 12, 13ஆம் மெட்டுகளுக்கு இடையே அகலம் 1.6 செ.மீ. ஆகக் குறைந்தாலும் சாய்வு 58 பாகைக்குக் குறையாது. இக்கோணத்தில் சுருதி சுத்தம் காப்பது அரிது.

இங்கு ஓர் எளிய மாற்று உண்டு. ‘க–ப’ என்னும் இணையைத் தலைகீழாக்கி, கீழே ‘ப’, மேலே ‘மேல் க’ என வைத்தால் அது ‘த–மேல் ம’ ஆகவேண்டும். கீழ்த்தந்தி இரண்டு மெட்டும் மேல்தந்தி ஒரு மெட்டும் செல்வதால் இது பின்சாய்வு. இவ்விரு தந்திகளுக்கும் இடையே மூன்று இடைவெளிகள் இருத்தலின், 12ஆம் மெட்டின் அருகே சாய்வு 28 பாகையாகக் குறைகிறது. அதே சுரங்கள், அதே இழைவு. அடுக்கு மட்டுமே வேறு. பெடல் இசையை மாற்றுவோர் முதலில் தேடவேண்டியது இத்தகைய தலைகீழ் இணைகளையே.

3.3 கட்டைக்குப் பின் இழுத்தல்

கட்டைக்கும் தந்திமுனைக்கும் இடைப்பட்ட பகுதியில் ஒரு தந்தியை மட்டும் இடக்கை விரலால் இழுத்தால், அத்தந்தியின் இழுவிசை கூடிச் சுரம் உயரும், ஏனையவை நிற்கும். ‘ப’ மட்டும் ‘த’ ஆக, ‘ச’ நிற்கும் தொடர்களுக்கு இது பொருந்தும். வீணையில் தந்தியை மெட்டின்மீது பக்கவாட்டில் இழுத்து மேற்சுரம் பெறுவதும் இதே இயற்பியல் விதியே. ஆயின் வீணையில் விரல் மெட்டின்மேலேயே இழுக்கிறது. இங்குக் கட்டையை அசையாது பிடித்துக்கொண்டே பிறிதொரு விரல் இழுக்கவேண்டும். இரு தந்திகளை வெவ்வேறு அளவில் ஒருங்கே இழுப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது.

3.4 நிற்கும் சுரத்தை வேறிடத்தில் வைத்தல்

நிற்கும் சுரம் நகரும் சுரங்களோடு உடன் ஒலித்தால் போதும். அதே கையிலிருந்து அது வரவேண்டும் என்பதில்லை. துணைக்கருவி ஒன்று மேல் ‘ச’வைப் பிடித்து நிற்க, ஸ்டீல் கிட்டார் மேற்கூறிய பின்சாய்வு இணையை வாசிக்கலாம். இவ்வழி புதியதன்று, சித்திரவீணையின் அமைப்பிலேயே அது உள்ளது.

4. சித்திரவீணை தரும் விளக்கம்

மெட்டுகளற்ற இக்கருவி கோட்டுவாத்தியம் எனவும் வழங்கும். திருவிடைமருதூர் சகாராமராவ் இதைக் கச்சேரிக் கருவியாக நிலைநாட்டினார். செம்மங்குடி சீனிவாச ஐயர் இளமையில் அவரிடம் பாட்டுப் பயின்றார் என்பது இங்குக் கருதத்தக்கது: நழுவிசைக் கலைஞர் வாய்ப்பாட்டின் ஆசானாக விளங்கியிருக்கிறார். சகாராமராவின் மாணவர் நாராயண ஐயங்கார், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் ஆகியோர் இக்கருவியை மேலும் வளர்த்தனர். பரவலாக உள்ள அமைப்பில் முதன்மைத் தந்திகள், தாளத்தந்திகள், ஒத்ததிர்வுத் தந்திகள் எனச் சேர்ந்து 21 தந்திகள் உண்டு.

இக்கருவியின் முதன்மைத் தந்திகள் ‘ச’, ‘ப’ என்பவற்றைச் சார்ந்தே கட்டப்படுவதால், ‘க–ப’ அல்லது ‘ப–க’ இணையை ஒருங்கே நகர்த்த இயலாது. பெடலின் இரு இழைவுகளும் காலத்தில் அடுத்தடுத்து வரவேண்டும்: முதலில் ‘ப’விலிருந்து ‘த’வுக்கு ஏற்ற ஜாரு, பின்பு ‘க’விலிருந்து ‘ம’வுக்கு. இவ்விரண்டின்போதும் தாளத்தந்தி ‘ச’வைத் தருகிறது. உடன் எழுந்தவை அடுத்தடுத்து எழுகின்றன. நிற்றலும் நகர்தலும் ஆகிய உறவு கெடுவதில்லை.

இரு எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, பெடலின் பொறி ஒரு தடுப்பில் முட்டி நிற்பதால் சுரம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சென்று நிற்கும். நழுவுகட்டைக்குத் தடுப்பு இல்லை, செவியே தடுப்பு. கருநாடக இசையில் பயின்ற கை ‘த’வை அடைந்ததும் இயல்பாகவே கம்பிதம் இட முனையும். இவ்விசையில் சுரம் சென்றடைந்து அமைதியாக நிற்பதே பொருள். எனவே பழகிய அணியை விலக்குவதும் மாற்றத்தின் பகுதியாகும்.

இரண்டாவது, தாளத்தந்தியின் ‘ச’ மாறாதது. பெடல் ஸ்டீல் கிட்டாரில் நிற்கும் சுரமோ கூட்டுக்கேற்ப வேறுபடும். பாடல் ‘ப–நி–ரி’ என்னும் கூட்டுக்குச் செல்லும்போது ‘ச’ அதற்கு உரியதன்று, முரணி ஒலிக்கும். அவ்விடத்தில் ‘ப’ தந்தியை மட்டும் மீட்டலாம், அல்லது தாளத்தந்திகளை விட்டுவிடலாம். ஒத்ததிர்வுத் தந்திகளைத் தீரசங்கராபரணச் சுரங்களுக்குக் கட்டுவது பொருந்துமாயினும், அவற்றின் தொடர் ஒலி கூட்டு மாற்றத்தின் தெளிவைச் சிறிது மங்கச்செய்யும். பாடல் வேறு ஆதாரத்திற்குப் பெயர்ந்தால் இக்கருவியால் பின்தொடர்வது மேலும் கடினம்.

அமெரிக்க இசையும் இந்திய நழுவிசையும் சந்தித்த பதிவுகள் இதற்குத் துணைசெய்கின்றன. விசுவமோகன் பட், ரை கூடர் இணைந்த ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ 1993இல் வெளிவந்து கிராமி விருது பெற்றது. ‘மும்தாஜ் மஹால்’ என்னும் 1995ஆம் ஆண்டுத் தொகுப்பில் தாஜ் மஹால் என்னும் ப்ளூஸ் பாடகரோடு மோகனவீணையும் ரவிகிரணின் சித்திரவீணையும் ஒலிக்கின்றன. ஒரு கருவி மற்றொன்றின் ஒலியைப் போலி செய்யாமல் தன் இயல்பிலேயே உரையாட முடியும் என்பதை இவை காட்டுகின்றன.

5. மாற்றும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் வரிசையை முன்வைக்கலாம்.

1. மூல இசையில் ஒவ்வொரு பெடல் அசைவின்போதும் நிற்கும் சுரம் எது, நகரும் சுரம் எது எனச் சுரக்குறியீட்டில் எழுதுதல்.

2. அவ்விடத்தில் பொருளைச் சுமப்பது இழைவா, கூட்டின் நிறைவா என முடிவுசெய்தல். நிறைவாயின் தந்தி மாற்றம், இழைவாயின் சாய்வு.

3. சாய்வு வேண்டுமிடத்து இணையைத் தலைகீழாக்கிப் பார்த்தலும், மேல் மெட்டுகளில் அமையுமாறு ஆதாரத்தைத் தேர்தலும்.

4. ஒரு சுரம் மட்டும் நகருமிடத்தில் கட்டைக்குப் பின் இழுத்தலைப் பயன்படுத்துதல்.

5. விடப்பட்ட சுரத்தைத் துணைக்கருவிக்கோ தாளத்தந்திக்கோ ஒப்படைத்தல்.

6. மின்னொலிப்பெருக்கி இல்லாத கருவியாயின் மீட்டொலி விரைவில் தேய்வதால், மீட்டியவுடனே இழைவைத் தொடங்குதல்.

முடிவுரை

பெடல் ஸ்டீல் கிட்டாரின் தனித்தன்மை அதன் பொறியில் இல்லை. அப்பொறி இயல்வித்த உறவில் உள்ளது. நிற்கும் சுரமும் நகரும் சுரமும் ஒன்றையொன்று பொருளுடையதாக்கும் அவ்வுறவைச் சாய்விலும், இழுத்தலிலும், தாளத்தந்தியிலும், துணைக்கருவியிலும் வேறுவேறு அளவில் மீட்டெடுக்கலாம். முழுமையாக மீட்க முடியாத இடங்களும் உண்டு. அங்கு எதை விடுவது என்பதைக் கலைஞரே தேரவேண்டும். விசைப்பலகை மாதிரி ஒலி மூலத்தின் குரல்வண்ணத்தைத் தரவல்லது. இத்தேர்வைச் செய்யவல்லது அன்று. பாட்டை முதன்மையாகக் கொண்டு, கருவியின் வரம்புக்குள் அதைச் சொல்லும் வழிகாண்பதே கோட்டுவாத்திய மரபு பழக்கிய முறை. அம்முறையில் பயின்ற கைகளுக்குப் பெடல் ஸ்டீல் இசை அயலாயினும், அதை மாற்றியமைக்க வேண்டிய சிந்தனை அயலன்று.