பொத்தானைச் சோதித்தல்

இணையப் பக்கத்தில் காணப்படும் பொத்தான், உள்ளீட்டுப் பெட்டி முதலியவை இன்று தனித்தனி உறுப்புகளாக எழுதப்படுகின்றன. 2013ஆம் ஆண்டு வெளியான ரியாக்ட் இம்முறையைப் பரவலாக்கியது. ஓர் உறுப்பு பல பக்கங்களில் பயன்படுவதால், அதிலுள்ள பிழையும் அத்தனை பக்கங்களிலும் தோன்றும். ஆகவே ஒவ்வோர் உறுப்பும் தனியே சோதிக்கப்படுகிறது.

தேர்வு விண்ணப்பப் படிவத்திலுள்ள 'சமர்ப்பி' என்னும் பொத்தானை எடுத்துக்கொள்வோம். பெயர் எழுதப்படாவிடில் பிழைச்செய்தி தோன்ற வேண்டும். பதற்றத்தில் இருமுறை அழுத்தினாலும் விண்ணப்பம் ஒருமுறையே செல்ல வேண்டும். சோதனை நிரல் மாணவரைப் போலவே பொத்தானைத் தேடி அழுத்தி, விளைவைச் சரிபார்க்கும்.

எவ்வாறு தேடுவது என்பதில்தான் நுட்பம் உள்ளது. நிரலுக்குள் இட்ட மறைபெயரைக் கொண்டு தேடினால், அப்பெயர் மாறியதும் நன்கு இயங்கும் பொத்தானுக்கும் சோதனை தோல்வியுறும். டெஸ்டிங் லைப்ரரி என்னும் கருவியோ, 'பொத்தான்' என்னும் பணியையும் 'சமர்ப்பி' என்னும் பெயரையும் கொண்டு தேட வழிசெய்கிறது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் இவ்விரண்டையுமே படித்துக் கூறுகிறது. வெறும் பெட்டிக்கு வண்ணம் பூசிப் பொத்தான்போல் அமைத்திருந்தால் கண்ணுக்குக் குறை தெரியாது. சோதனை அதைக் காணாமல் தோல்வியுறும். பார்வையற்ற மாணவருக்கும் அங்கே பொத்தான் இல்லை. அவர் விண்ணப்பிக்க இயலாமல் போகலாம்.

இச்சோதனைகள் பெரும்பாலும் பக்கத்தைத் திரையில் வரையாமலே நடைபெறுகின்றன. சிறிய கைப்பேசித் திரையில் ஓர் அறிவிப்பு பொத்தானை மறைத்து நின்றால் இவை அறியா. அதற்கு உண்மையான உலாவியையே இயக்கிப் பார்க்க வேண்டும்.